பாப்பாவுக்கு எத்தனை எச்.பி.?

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கடைசியாகப் பிறந்தவள் என்று செல்லமாக வைத்த பெயர். காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் யாரும் அதைக் கழற்றி வைக்கவில்லை. அம்மா கூப்பிடுகிறாள், அண்ணன் கூப்பிடுகிறார், கட்டிக்கொண்டவரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார். பாப்பாவாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். என்ன கேட்டாள் என்பதை மட்டும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அவள் கேட்டது ஒரு டிரில் மெஷின். கையில் பிடித்துச் சுவரைக் குடைகிற ரகம் இல்லை, அது அவளிடம் ஏற்கெனவே இருந்தது. மேஜை மேல் உட்கார்ந்துகொண்டு, கைப்பிடியை இழுத்தால் ஆடாமல் அசையாமல் நேராக இறங்கித் துளை போடுகிற டிரில் பிரஸ். வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டைத்தான் அவள் மரப்பட்டறை ஆக்கியிருந்தாள். ஷெட் கட்டியபோது கார் வருவதாக இருந்தது. கார் வராமல் போன கதையைப் பிறகு சொல்கிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது.

மழலையர் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை, பாப்பா செய்த குட்டி ஸ்டூல் ஒன்றைப் பார்த்துவிட்டு, வகுப்பு முழுவதற்கும் அதே மாதிரி கேட்டிருந்தார். பள்ளி திறப்பதற்குள் வேண்டும். ஒன்று ஆடினாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்காரனைக் கூப்பிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் செய்துகாட்டுவார்கள். இத்தனை நாள் வீட்டார் "பாப்பாவோட பொழுதுபோக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு முதல்முறையாக வெளியாள் ஒருவர் முன்பணம் கொடுத்திருந்தார். இதைக் கோட்டைவிட்டால் அது சாகும்வரை பொழுதுபோக்குதான் என்று பாப்பாவுக்குத் தெரியும்.

நாலு காலும் ஒரே சாய்வில் நுழைய வேண்டும், அப்போதுதான் ஸ்டூல் ஆடாது. கை டிரில்லால் அது நடக்கிற காரியமா? அகலத் துளைக்கான பிட் மரத்தில் சிக்கிக்கொண்டால் மணிக்கட்டையே முறுக்கிவிட்டுப் போகிறது. பள்ளிக்குக் காட்டிய மாதிரி ஸ்டூலை அவள் தெரிந்த பட்டறை ஒன்றில் இரவல் மெஷினில் துளை போட்டுச் செய்திருந்தாள், வகுப்பு முழுவதற்கும் அப்படி இரவல் கேட்க முடியாது. அங்கேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். அரை எச்.பி. மோட்டார் கெட்டி மரத்தில் பாதித் துளையில் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஒன்றுக்கு மேல் போனால் இரும்படிக்கிறவர்கள் சமாசாரம். முக்கால் எச்.பி. இருந்து, பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ள வழியும் இருந்தால், ஸ்டூல் கால் துளை வெண்ணெயில் கத்தி போல இறங்கும்.

ஆகவே ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தெளிவாகவே சொன்னாள். "முக்கால் எச்.பி. போதும். பெல்ட் மாத்தற மாதிரி இருக்கணும். நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"இரு, அவசரப்படாதே," என்றார் கணவர். "டேட்டா பார்க்கணும்."

அவர் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். தக்காளி வாங்கினாலும் சராசரி எடுப்பார். அன்றைக்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, உலகத்தில் விற்கிற டிரில் பிரஸ்களையெல்லாம் கட்டம் கட்டி அடுக்க ஆரம்பித்தார். எடை, உயரம், வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரம், பெயின்ட் நிறம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஓட்டப்போகிறவள் என்ன சொன்னாள் என்பதற்குத்தான் கட்டம் இல்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த அண்ணனுக்கு இந்தச் செய்தி அவலாகக் கிடைத்தது. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எச்.பி. என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முதுகு நிமிர்ந்துவிடும். மறுநாளே வந்து நின்றார்.

"பாப்பா, மோட்டார்னா இழுவை வேணும். மேட்டுல ஏறும்போது திணறக் கூடாது. ஒரு எச்.பி.க்குக் குறைஞ்சு எதையும் தொடாதே."

"ஷெட்ல மேடு எங்க இருக்கு மச்சான்?" என்றார் பேராசிரியர், திரையிலிருந்து கண் எடுக்காமல். "நான் பார்த்த வரைக்கும் சராசரி அரை எச்.பி.க்குப் பக்கத்துல வருது. அரைதான் சரி."

"சராசரி வச்சு வண்டி ஓட்ட முடியாது மாப்பிள்ளை."

அவ்வளவுதான், பேராசிரியர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். பாப்பா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கார் கதைக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அண்ணன்தான் வலியப் போய் உட்கார்ந்தார். பேராசிரியருக்கு எல்லாம் வந்தது, கிளட்ச் மட்டும் வரவில்லை. லைசென்ஸ் டெஸ்டில் வண்டி குதித்துக் குதித்து நின்றது. அன்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மாப்பிள்ளை நிறையப் படிச்சவர்தான், கால்தான் இன்னும் பள்ளிக்கூடம் போகல" என்றார். கூட்டம் சிரித்தது. பேராசிரியர் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை, கார் வாங்கவில்லை, மச்சான் கிழக்கு என்றால் மேற்கு என்று சொல்வதையும் நிறுத்தவில்லை. எலியும் பூனையுமாவது பசிக்காகத்தான் அடித்துக்கொள்கின்றன. இவர்கள் வயிறார உண்டுவிட்டு அடித்துக்கொண்டார்கள்.

இப்படியே வாரங்கள் ஓடின. அண்ணன் ஒன்று என்பார், பேராசிரியர் அரை என்பார். அண்ணன் கோபத்தில் ஒன்றரைக்குப் போனால், இவர் கால் எச்.பி.யே போதும் என்று இறங்கிவிடுவார். மாவாட்டத்தான் ஆகும் அந்த மோட்டார். முக்கால் என்பது இரண்டு பேருக்கும் நடுவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அங்கே வந்து நின்றால் பாதி தோற்ற மாதிரி ஆகிவிடும் அல்லவா?

இதற்கிடையில் பாப்பா கை டிரில்லால் முயன்று இரண்டு ஸ்டூல்களைக் கெடுத்தாள். வலது மணிக்கட்டு வீங்கி, சப்பாத்திக்கு மாவு பிசையக்கூட முடியாமல் போனது. பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்தப் புத்தி தோன்றியது. அண்ணன் எதைச் சொன்னாலும் இவர் இறங்குகிறார். அண்ணன் ஒன்று என்றால் இவர் அரை. அப்படியானால் அண்ணனை இரண்டு என்று சொல்ல வைத்தால், அந்த இரண்டைத் தடுப்பதற்காகவே இவர் அதற்குக் கீழே எதையும் ஏற்றுக்கொள்வார். அந்த நேரம் பார்த்து முக்காலை முன்னால் நகர்த்திவிட்டால் போதும். பேராசிரியர் மனைவி அல்லவா, கொஞ்சம் கணக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா?

டிரைவிங் ஸ்கூலுக்கே போனாள். அண்ணன் ஸ்டியரிங் படம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நான் யோசிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதுதான் சரி. இன்னும் சொல்லப்போனா ரெண்டு எச்.பி.யே வேணும்னு தோணுது. நீங்க வந்து அடிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு! ஆனா மாப்பிள்ளை நான் சொன்னா எங்க கேக்கறார்?"

இங்கேதான் பாப்பா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டாள். அண்ணன் வராமல் போய்விடுவாரோ என்ற பயத்தில், "உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதைண்ணா. வெளியில காட்டிக்க மாட்டார், அவ்வளவுதான்" என்றாள். பச்சைப் பொய். சொன்ன வாய் மூடுவதற்குள் அண்ணன் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வழக்கம்போல வாசலிலிருந்தே சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேராசிரியருக்கு எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கிளட்ச் யாருக்கும் வரும், வராமலும் போகும். அது மனுஷனோட மதிப்பு இல்ல. என்ன மன்னிச்சிடுங்க."

பாப்பா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். இது ஏற்பாட்டில் இல்லை.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாரோ. "அட, விடுங்க மச்சான். நானும்தான் வீம்பு பிடிச்சேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க மெஷின் விஷயமா ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ரெண்டு எச்.பி. வாங்கலாம்னு..."

"வாங்கிடலாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ரெண்டே வாங்கிடலாம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். குரங்காக இருந்தாலாவது ஒரு மூலையில் கட்டிப்போடலாம். இங்கே யானை வந்தது.

மறுநாள் வந்து இறங்கிய டிரில் பிரஸ் மேஜையில் உட்காருகிற சாதனமே இல்லை. தரையில் நின்றுகொண்டு பாப்பாவைக் குனிந்து பார்த்தது. அதைத் திருப்பி நிறுத்த நாலு ஆள் வேண்டியிருந்தது. கைப்பிடியைத் தொட அவள் பலகை போட்டு ஏற வேண்டியிருந்தது. பள்ளிக்கூட முன்பணமும் அவள் சேர்த்து வைத்திருந்ததும் அதற்குள் போய்விட்டன. ரசீது மட்டும் பேராசிரியர் பெயரில் இருந்தது, கடைக்காரர் வேறு யாரையும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வயரைச் செருக வீட்டில் இடமே இல்லை. அது மும்முனை மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார். பேராசிரியரின் கட்டங்களில் பெயின்ட் நிறம் இருந்தது, இது இல்லை.

"அதுக்கென்ன, மின்வாரியத்துல எழுதிக் குடுத்துட்டா லைன் இழுத்துக் குடுத்துடுவாங்க," என்றார் அண்ணன்.

"எத்தனை நாள்ல?" என்று கேட்டாள் பாப்பா.

"சராசரியா..." என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

மின்சாரம் வரவில்லை. ஆனால் அண்ணன் தினமும் வந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஷெட்டில் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு (பாப்பா கெடுத்த ஸ்டூல்கள்தான், இரண்டும் ஆடும்) யானையின் முன்னால் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஓடாத மோட்டாரின் இழுவையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். பேராசிரியர் அதன் தூணைத் தட்டிப் பார்ப்பார், அண்ணன் தலையாட்டுவார். டீ போடுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து போன் போட்டு அழுதாள். "இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசறதப் பாக்காமலே போயிடுவேனோன்னு இருந்தேன் பாப்பா. எல்லாம் உன் மெஷின் செஞ்ச வேலை. நல்லா இரு."

இந்த லட்சணத்தில் மெஷின் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? பாப்பா வாயைத் திறந்தால் குடும்பத்து ஒற்றுமை உடையும். திறக்காவிட்டால் ஸ்டூல் இல்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒற்றுமையாக இருக்கட்டுமே, யார் வேண்டாம் என்றது? ஆனால் அது ஏன் என் ஷெட்டில், என் காசில், என் வழியை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

வேறு வழியில்லாமல் மறுபடி கை டிரில்லை எடுத்தாள். யானைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பலகையை வைத்து அழுத்தினாள். பிட் சிக்கியது, டிரில் சுழன்று மணிக்கட்டைத் திருகியது, பலகை நடுவில் பிளந்தது. வலியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது நல்ல மரம், வட்டம் வெட்டி, விளிம்பு உருட்டி, கால்வாசி மெருகேற்றிய மரம். கை போனதைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவள் வீட்டில் சாப்பிட்டார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தட்டில் ஒருவர் பரிமாறிக்கொண்டார்கள். அம்மா அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா இடது கையில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வலது கையில் கட்டு.

"நான் ஒண்ணு சொல்லணும். அண்ணா, ரெண்டு எச்.பி. வேணும்னு நான் சொன்னது பொய். நீங்க ரெண்டுன்னு சொன்னா இவர் வேண்டாம்னு இறங்கி வருவார், முக்காலுக்குக் கொண்டு வந்துடலாம்னுதான் சொன்னேன். அந்த மெஷின் எனக்கு ஆகாது. திருப்பிக் குடுத்துட்டு முக்கால் வாங்கணும்."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். இனி வெடிக்கும், பழைய கிளட்ச் வரைக்கும் போய் வெடிக்கும், அம்மா மயங்கி விழுவாள் என்று காத்திருந்தாள்.

"பார்த்தீங்களா மச்சான்," என்றார் பேராசிரியர் மெதுவாக. "நம்ம ரெண்டு பேரையும் வச்சு விளையாடியிருக்கா."

"நானும் அதத்தான் நினைச்சேன் மாப்பிள்ளை. பெத்த பொண்ணு மாதிரி வளர்த்தேன். என்னைக் காய் நகர்த்தறா."

"நேரா வந்து முக்கால் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கிக் குடுத்திருக்க மாட்டோமா?"

"குடுத்திருப்போமே!"

உடைந்துவிடும் என்று பாப்பா பயந்த ஒற்றுமை கண் முன்னால் இன்னும் கெட்டிப்பட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கை கழுவினார்கள். மச்சானுக்கு மாப்பிள்ளை துண்டு எடுத்துக் கொடுத்தார். அம்மா அவளை ஒதுக்கமாக அழைத்து, "போகட்டும் விடு, அவங்க ஒண்ணா இருக்காங்கல்ல, அது போதும்" என்றாள்.

அன்றிலிருந்து இருவரும் அவளோடு பேசவில்லை. பேராசிரியர் உப்பு வேண்டுமென்றால் காற்றைப் பார்த்து "உப்பு" என்றார். அண்ணன் வந்தால் அவளைத் தாண்டிப் போனார். பாப்பாவுக்கு வலித்தது. முதல் நாள் ராத்திரி தலையணை நனைந்தது. இரண்டாம் நாள் காலையில் ஷெட்டுக்குப் போய் நின்றபோதுதான் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. என்ன என்று கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. யாரும் அபிப்பிராயம் சொல்லவில்லை.

உடனே கடைக்குப் போனாள்.

"திருப்பி எடுத்துக்கறேன் மேடம், ஓட்டாத மெஷின்தானே," என்றார் கடைக்காரர். "ஆனா சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா? பில்லு சார் பேர்ல இருக்கு."

"தாராளமா கேளுங்க. எங்கிட்ட பேச மாட்டார், உங்ககிட்ட பேசுவார்."

கடைக்காரர் போன் போட்டார். பேராசிரியரின் குரல் பாப்பாவுக்கே கேட்டது. "அது அவங்க இஷ்டம். எனக்கும் அந்த மெஷினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க." கடைக்காரர் பக்கத்தில் மூலையில் இருந்ததைக் காட்டினார். மேஜை மேல் உட்காருகிற, முக்கால் எச்.பி. போட்ட, சாம்பல் நிற மெஷின். வாரக்கணக்கில் அங்கேயேதான் இருந்திருக்கிறது. சாதாரண பிளக்.

சாயங்காலத்துக்குள் யானை போய்விட்டது, ஷெட்டில் நடக்க இடம் வந்தது. பாப்பா பெல்ட்டைத் தாழ்ந்த வேகத்துக்கு மாற்றினாள். சாய்வுக்கு ஒரு கட்டை செய்து, பலகையை அதன் மேல் வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினாள். இடது கையாலேயே கைப்பிடியை இழுத்தாள். மோட்டார் முனகவில்லை. மரம் சுருள் சுருளாக மேலே வந்தது, கருகல் வாசனை இல்லை. துளையின் உள்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

பள்ளி திறப்பதற்குள் ஸ்டூல்கள் முடிந்தன. ஒவ்வொன்றையும் சமமான தரையில் வைத்து மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் ஆடவில்லை.

எடுத்துப்போகத் தலைமை ஆசிரியையே வேனோடு வந்துவிட்டார். வெளியாள் வந்தால் வீட்டு ஆண்கள் உள்ளே இருக்க முடியுமா? கோபத்தைத் தற்காலிகமாகக் கொடியில் போட்டுவிட்டு இருவரும் ஷெட் வாசலுக்கு வந்தார்கள். ஆசிரியை ஒரு ஸ்டூல் மேல் தானே உட்கார்ந்து அசைத்துப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார்.

"அளவா, அழகா இருக்கே. இதை யார் தேர்ந்தெடுத்தது?"

பேராசிரியர் முன்னால் வந்தார். "பாப்பாதான் மேடம். இந்த மாதிரி விஷயத்துல நாங்க தலையிடறதே இல்ல."

"முழு சுதந்திரம் குடுத்துட்டோம்," என்றார் அண்ணன். "என்ன பாப்பா, சொல்லேன்."

அவளோடு பேச்சு திரும்பிவிட்டது. பாப்பாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. யானை, மும்முனை லைன், பிளந்த பலகை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் ஆசிரியை. "அடுத்த கிளைக்கு எழுதற மேஜையும் சேர்த்து வேணும். வளைவா அறுக்கணும். அதுக்கு வேற மெஷின் ஏதாவது தேவைப்படுமா?"

பேராசிரியர் மூச்சை உள்ளே இழுத்தார். அண்ணனும் இழுத்தார். இரண்டு பேர் வாயும் ஒரே நேரத்தில் திறந்தது.

"தேவைப்படும் மேடம்," என்றாள் பாப்பா முந்திக்கொண்டு. "ஆனா அதுக்கு முன்னாடி இவங்க ரெண்டு பேரும் எங்கூட மறுபடியும் கோவிச்சுக்கணும்."